ஊசி கையில், வீக்கம் உதட்டில்: ஃபில்லர் போட்ட உதடு மாதங்கள் கழித்து வீங்குவது ஏன்?

2020 டிசம்பர் 17 அன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு கூடியது. மொடெர்னா நிறுவனத்தின் கோவிட் தடுப்பூசிக்கு அவசர அனுமதி தரலாமா என்பது அன்றைய கேள்வி. சுமார் 30 ஆயிரம் பேரை வைத்து நடத்திய பரிசோதனையின் விவரங்களுக்கு நடுவே ஒரு சிறு குறிப்பு இருந்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் மூன்று பேருக்கு முகமோ உதடோ வீங்கியிருந்தது. மூவருமே அதற்கு முன்பு, முகத்தையோ உதட்டையோ பருமனாக்க அழகுக்காகச் செலுத்தும் ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டவர்கள். ஒருவர் இரண்டு வாரங்களுக்கு முன்பு போட்டிருந்தார். இன்னொருவர் ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன்பு. உதடு வீங்கிய மூன்றாமவர், முன்பு ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசி போட்டபோதும் தனக்கு இதேபோல் ஆனதாகச் சொன்னார்.

தடுப்பூசியில் ஃபில்லர் இல்லை, ஃபில்லரில் வைரஸ் இல்லை. ஊசி போட்டது கையில், வீங்கியது முகத்தில். செய்தி பரவியதும் ஃபில்லர் போட்டிருந்த பலர் குழம்பியதில் வியப்பில்லை. அந்த மாதமே அமெரிக்கத் தோல் அறுவைச் சிகிச்சைச் சங்கம், ஃபில்லர் போட்டிருப்பது தடுப்பூசியைத் தவிர்க்கக் காரணமாகாது என்று அறிவித்தது. மூவரின் வீக்கமும் வடிந்துவிட்டது.

தோல் மருத்துவர்களுக்கு இது முற்றிலும் புதிய செய்தியும் அல்ல. சளிக்காய்ச்சலுக்குப் பின்னும் பல் சிகிச்சைக்குப் பின்னும், ஃபில்லர் இருந்த இடம் திடீரென்று வீங்குவதை அவர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். அது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொள்ள, உதட்டுக்குள் போகும் பொருளிலிருந்து தொடங்க வேண்டும்.

உதட்டுக்குள் போவது என்ன?

இன்று உதட்டுக்குப் பெரும்பாலும் பயன்படுவது ஹையலூரானிக் அமிலக் கூழ். பெயரில் அமிலம் இருந்தாலும் இது சுடும் பொருள் அல்ல. இரண்டு வகைச் சர்க்கரை அலகுகள் மாறி மாறி ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. 1934-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். கிரேக்க மொழியில் 'ஹையலோஸ்' என்றால் கண்ணாடி. பெயர் அங்கிருந்து வந்தது. நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இது இயல்பாகவே இருக்கிறது. 70 கிலோ எடையுள்ளவர் உடம்பில் ஏறத்தாழ 15 கிராம். நீரைப் பிடித்து வைத்துக்கொள்வது இதன் முக்கியமான வேலை. ஊறவைத்த சப்ஜா விதையைச் சுற்றி நிற்கும் வழவழப்பை நினைத்துக்கொண்டால் இதன் தன்மை பிடிபடும்.

உடம்பு இதை நெடுநாள் வைத்திருப்பதில்லை. மொத்த இருப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கை நாள்தோறும் சிதைத்துப் புதிதாக உண்டாக்கிக்கொள்கிறது. ஆகவே இயல்பான ஹையலூரானிக் அமிலத்தை அப்படியே ஊசியில் ஏற்றினால் சில நாட்களில் கரைந்துபோகும். அதைத் தடுக்க, தொழிற்சாலையில் பி.டி.டி.இ. போன்ற ஒரு வேதிப்பொருளைச் சேர்த்துச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிவிடுகிறார்கள். இதற்குக் குறுக்குப்பிணைப்பு என்று பெயர். தனித்தனியாகக் கிடந்த நூல் வலையாகிவிடுகிறது. வலையை அறுக்க உடம்புக்கு நாளாகும்.

'உடம்பில் இருக்கும் பொருள்தானே, ஒன்றும் ஆகாது' என்று விற்பவர்கள் சொல்வது பாதி உண்மை. நூல் உடம்புக்குத் தெரிந்தது. முடிச்சு ஆலையில் போட்டது. இதற்கு முன்பு வந்த மாட்டுக் கொலாஜன் ஊசிக்கு அமெரிக்கா 1981-இல் அனுமதி தந்தபோது, போடுவதற்கு முன் கையில் சிறிது செலுத்தி ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். ஹையலூரானிக் அமிலத்தின் சர்க்கரைச் சங்கிலி எல்லா உயிரினங்களிலும் ஒன்றே என்பதால் அந்தச் சோதனை கைவிடப்பட்டது. உடனடி ஒவ்வாமையைப் பொறுத்தவரை அது நியாயமான முடிவு. மாதங்கள் கழித்து வரும் வீக்கத்துக்கு அந்தச் சோதனை இருந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது.

எத்தனை நாள் இருக்கும் என்ற கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை. அது கண்ணுக்குத் தெரியும் பருமனின் கணக்கு. பொருள் உள்ளே தங்கியிருக்கும் காலம் வேறு. கடைசி ஊசி போட்டு இரண்டு ஆண்டுகளாவது கடந்த 33 பேரின் முகத்தை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு மருத்துவர் எம்.ஆர்.ஐ. படங்களில் ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டார். 33 பேரிடமும் ஃபில்லர் எஞ்சியிருந்தது. அவர் பார்த்தது கன்னப் பகுதியை. ஓயாமல் அசையும் உதட்டில் கணக்கு மாறலாம். ஆனாலும் 'கரைந்துபோயிருக்கும்' என்று ஒருவர் எண்ணும் பொருள் உள்ளேயே இருக்கக்கூடும் என்பதை அந்தப் படங்கள் காட்டிவிட்டன.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

உதடு வீங்கியது என்று மட்டும் சொன்னால் மருத்துவரால் எதையும் ஊகிக்க முடியாது. ஊசிக்கும் வீக்கத்துக்கும் இடையிலான காலம்தான் முதல் தடயம்.

1. சில நிமிடங்கள் முதல் ஒரு நாள் வரை. இங்கே இரண்டு அபாயங்கள் உண்டு. ஒன்று, தீவிர ஒவ்வாமை: நாக்கும் தொண்டையும் வீங்குதல், மூச்சுத் திணறல், உடம்பெங்கும் தடிப்பு, தலைசுற்றல். இரண்டாவது, ஃபில்லர் இரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துக்கொள்வது. உதட்டின் மேலும் கீழும் வளைந்தோடும் தமனிகள் மேலோட்டமாகவே இருக்கின்றன. அடைப்பு ஏற்பட்டால் தோல் வெளுக்கும், பிறகு வலை பின்னியதுபோல் நீலம் பாரிக்கும், பெரும்பாலும் வலி கூடிக்கொண்டே போகும். பார்வை மங்கினால் அது கண்ணுக்குப் போகும் இரத்த ஓட்டம் தடைபடுவதன் அறிகுறி. இவை அனைத்தும் அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை.

2. முதல் இரண்டு மூன்று நாட்கள். ஊசி குத்திய காயத்தாலும் கூழ் நீரை இழுப்பதாலும் வரும் வீக்கம். கன்றியும் இருக்கலாம். நாளுக்கு நாள் குறைந்து இரண்டு வாரங்களுக்குள் அடங்கிவிடும்.

3. சில நாட்கள் கழித்து, குறையாமல் கூடும் வீக்கம். சூடு, துடிப்பான வலி, சீழ் என்றால் தொற்று. கொத்தாகச் சிறு நீர்க்கொப்புளங்களும் எரிச்சலும் என்றால் ஹெர்பிஸ் வைரஸ். வாயோரப் புண்ணாக முன்பு வந்துபோன இந்த வைரஸ் நரம்பில் ஒடுங்கிக் கிடக்கும். ஊசியின் காயம் அதைக் கிளறிவிடும். அடிக்கடி அப்படிப் புண் வருபவர்களுக்கு மருத்துவர் முன்கூட்டியே வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தருவது இதனால்தான்.

4. வாரங்களோ மாதங்களோ கழித்து, சில சமயம் ஓராண்டுக்கும் பின்னால். எல்லாம் ஆறி, உதடு இயல்பாக இருந்து, பிறகு திடீரென்று வீங்குவது. மருத்துவத்தில் தாமத அழற்சி எதிர்வினை என்று சொல்வது இதைத்தான். தொட்டால் கெட்டியான முடிச்சுகள் தட்டுப்படலாம். முடிச்சே இல்லாமல் உதடு முழுவதும் உப்பி, சிவந்து, இறுக்கமாகவும் எரிச்சலாகவும் இருக்கலாம். சிலருக்கு இரண்டு மூன்று நாளில் தானே வடிந்து, சில வாரங்கள் கழித்து மறுபடியும் வரும்.

கட்டுரையின் மீதிப் பகுதி இந்த நான்காவது வகையைப் பற்றியது.

அடங்கியிருந்தது ஏன் கிளம்புகிறது?

முதல் காரணம், வலை அறுபடும் விதம். ஹையலூரானிக் அமிலச் சங்கிலி நீளமாக இருக்கும்வரை உடம்பு அதை அமைதியாக ஏற்றுக்கொள்கிறது. அது துண்டு துண்டாகச் சிதையும்போது கதை மாறுகிறது. காயம்பட்ட திசுக்களில் இத்தகைய சிறு துண்டுகள் இயல்பாகவே உண்டாகும். ஆகவே அவற்றைக் கண்டதும் எதிர்ப்புச் செல்கள் 'இங்கே சேதம் நடந்திருக்கிறது' என்று எடுத்துக்கொள்கின்றன. ஃபில்லர் மெல்லச் சிதைவது மாதக்கணக்கில் நடப்பதால், இந்தத் தவறான எச்சரிக்கையும் தாமதமாகவே எழுகிறது.

சில நிறுவனங்கள் நீளமான சங்கிலிகளோடு குட்டையான சங்கிலிகளையும் கலந்து கூழ் தயாரிக்கின்றன. வழவழப்பாக இருக்கும், நெடுநாள் நிற்கும், நீரையும் குறைவாகவே இழுக்கும். அப்படிப்பட்ட தயாரிப்புகளில் தாமத வீக்கம் கூடுதலாகத் தெரிகிறதா என்று மருத்துவர்கள் கவனிக்கத் தொடங்கினார்கள். 2015-இல் கனடாவிலிருந்து வந்த ஆய்வொன்றில், இவ்வகைக் கூழ் போட்ட 2342 பேரில் 23 பேருக்குத் தாமத முடிச்சுகள் வந்திருந்தன. ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. 2016-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், கண்ணுக்குக் கீழும் உதட்டிலும் போடும் மென்மையான ஒரு கூழைப் பெற்ற 400 பேரில் 17 பேருக்கு, அதாவது 4.25 விழுக்காட்டினருக்கு, நீடித்தும் திரும்பத் திரும்பவும் வரும் வீக்கம் ஏற்பட்டது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் நோய்க்கான சிகிச்சை ஒன்றில் நூற்றுக்கு நான்கு என்பதும், நலமாக இருக்கும் ஒருவர் அழகுக்காகச் செய்துகொள்வதில் நூற்றுக்கு நான்கு என்பதும் ஒரே எடை உள்ளவை என்று நான் நினைக்கவில்லை.

இரண்டாவது காரணம், எதிர்ப்பாற்றலின் நினைவு. உடனடி ஒவ்வாமையில் முன்னே நிற்பது உடம்பு சுரக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள். தாமத எதிர்வினையை நடத்துவது டி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள். ஒரு பொருளை அந்நியமென்று குறித்துவைத்துக்கொண்டு, தக்க தூண்டுதல் வரும்போது மற்றச் செல்களை அழைத்து வருபவை இவை. வீக்கம் வந்ததும் பலர் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்ளும் செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரை இங்கே பெரும்பாலும் பலிக்காமல் போவது இதனால்தான். அது ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரை. இங்கே வேலை செய்வது வேறொன்று.

மூன்றாவது, நுண்ணுயிர்ப் படலம். ஊசி தோலைத் துளைக்கும்போது ஒட்டியிருந்த சில பாக்டீரியாக்களும் உள்ளே போகக்கூடும். அவை கூழின் மேல் பிசின் போன்ற ஓர் உறை கட்டிக்கொண்டு, பெருகாமலும் சாகாமலும் கிடக்கும். சோதனைக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தாலும் பெரும்பாலும் சிக்காது. எல்லாத் தாமத வீக்கத்துக்கும் இதுவே காரணம் என்று ஒரு சாராரும், பெரும்பாலானவை வெறும் எதிர்ப்பாற்றல் சமாசாரம் என்று இன்னொரு சாராரும் வாதிடுகிறார்கள். நோயாளிக்கு இது ஏட்டுச் சண்டை அல்ல. முதல் கட்சியின்படி போனால் நுண்ணுயிர்க்கொல்லி, இரண்டாவதன்படி அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு; தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் நிலைமை கெடும்.

இந்த மூன்றுக்கும் பொதுவாக ஒன்று தேவைப்படுகிறது: கிளப்பிவிடும் ஒரு நிகழ்வு. மேலே சொன்ன கனடா ஆய்வில் 23 பேரில் 9 பேருக்கு வீக்கத்துக்குச் சற்று முன்பு ஃப்ளூ போன்ற காய்ச்சலோ அதுபோன்ற ஒரு தூண்டுதலோ இருந்தது. உடம்பு ஒரு கிருமியை எதிர்த்து முழுவீச்சில் எழும்போது, அதுவரை பொறுத்துக்கொண்டிருந்த கூழையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. மொடெர்னா பரிசோதனையில் மூவருக்கு நடந்ததும் இந்த வரிசையில் வருவதுதான். ஆகவே இந்தத் தாமத வகை வீக்கத்தோடு வருபவரிடம் 'ஊசி எப்போது போட்டீர்கள்' என்பதைவிட, 'வீங்குவதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் என்ன நடந்தது' என்ற கேள்வி அதிகம் சொல்லும்.

உதட்டுக்கென்று ஒரு கூடுதல் சங்கடம் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் தோல், மறுபக்கம் பாக்டீரியாக்கள் மண்டிய வாய். பல் சுத்தம் செய்தாலோ வேர் சிகிச்சை நடந்தாலோ அவை சிறிது நேரம் இரத்தத்தில் கலக்கின்றன. ஃபில்லருக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் அவசரமில்லாத பல் சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்வது இதற்காக.

ஃபில்லர் குற்றவாளியாக இல்லாதபோது

ஃபில்லர் போட்ட உதடு எதற்கு வீங்கினாலும் பழி ஃபில்லர் மேல் விழுகிறது. அது எப்போதும் சரியல்ல.

எரிச்சலும் தோலுரிதலும் முன்னே நின்று வீக்கம் குறைவாக இருந்தால், தொடு ஒவ்வாமையைத் தேட வேண்டும். புதிய லிப்ஸ்டிக், வாசனையும் லானோலினும் கலந்த உதட்டுக் களிம்பு, புதினாச் சுவையுள்ள பற்பசை இவையெல்லாம் வழக்கமான காரணங்கள். ஊசி போட்ட பின் உதடு உலர்ந்ததென்று களிம்பை மாற்றி மாற்றித் தடவுபவர்கள், அந்தக் களிம்பாலேயே எரிச்சலைச் சம்பாதித்துக்கொள்வதும் உண்டு.

எனலாபிரில், ராமிபிரில், லிசினோபிரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் இன்னொரு காரணம். ஏ.சி.இ. தடுப்பிகள் என்று அழைக்கப்படும் இவை பிராடிகைனின் என்ற பொருளை உடம்பில் தேங்கவிடுகின்றன. அது உதட்டையும் நாக்கையும் வீங்கவைக்கும். மாத்திரையை ஆண்டுக்கணக்கில் தொல்லையின்றிச் சாப்பிட்டவருக்கும் ஒருநாள் இது வரலாம். நாக்கு வீங்கினால் மூச்சுக்கே ஆபத்து.

இங்கே வியப்பான ஒரு முரண். கோவிட் தடுப்பூசிக்குப் பின் ஃபில்லர் வீங்கிய சிலருக்கு 2021-இல் அமெரிக்க மருத்துவர்கள் இதே லிசினோபிரிலைக் குறைந்த அளவில் கொடுத்து, வீக்கம் விரைவாக வடிந்ததாக எழுதினார்கள். தடுப்பூசியால் உடம்பில் உருவாகும் வைரஸ் முள் புரதம் ஏ.சி.இ.2 என்ற ஏற்பியோடு ஒட்டுவதால் அழற்சியைத் தூண்டும் ஆஞ்சியோடென்சின் 2 கூடுகிறது, மாத்திரை அதைக் குறைக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளை வைத்துச் சொன்னது இது. ஒரே மருந்து ஓரிடத்தில் உதட்டை வீங்கவைக்கிறது, இன்னோரிடத்தில் வீங்கிய உதட்டை வடியவைக்கிறது. காரணம் தெரியாமல் மருந்தைத் தொடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

உதட்டில் சிறு அழற்சி முடிச்சுகள் உருவாகி நிரந்தரமாகத் தடித்துப்போகும் நோய்களும் உண்டு. குடலைத் தாக்கும் கிரோன் நோயின் வெளித்தோற்றமாகவும் அது வரலாம். சந்தேகம் நீடித்தால் சிறு திசுத் துண்டை எடுத்துச் சோதிப்பார்கள்.

கரைத்துவிட்டால் தீர்ந்ததா?

ஹையலூரானிக் அமிலக் கூழை வெட்டிக் கரைக்க ஹையலூரோனிடேஸ் என்ற நொதி இருக்கிறது. இந்த வசதிதான் மற்ற ஃபில்லர்களைவிட இதற்கு மருத்துவர்கள் முன்னுரிமை தருவதற்குப் பெரிய காரணம்.

2025 ஜூலையில் தொலைக்காட்சி, சமூக ஊடகப் பிரபலம் உர்ஃபி ஜாவேத் தன் உதட்டு ஃபில்லரைக் கரைத்துக்கொள்ளும் காட்சியைத் தாமே வெளியிட்டபோது, அவருடைய உப்பிய முகத்தைப் பார்த்துப் பலர் அதிர்ந்தார்கள். ஃபில்லர்தான் அப்படி வீங்கவைத்தது என்று எண்ணியவர்களும் உண்டு. அது கரைக்கும் ஊசி போட்டவுடன் வரும் வீக்கம். ஃபில்லர் சரியான இடத்தில் அமையாததால் அகற்றுவதாக அவர் சொல்லியிருந்தார். இந்தக் கட்டுரை பேசும் தாமத வீக்கம் வேறு, அது வேறு.

இந்த நொதிக்கும் எல்லைகள் இருக்கின்றன.

1. உடம்பில் இயல்பாக இருக்கும் ஹையலூரானிக் அமிலத்தையும் அது வெட்டும். அந்த இழப்பை உடம்பு விரைவில் ஈடுகட்டிவிடுகிறது.

2. திசுக்களுக்கு இடையிலான பிசுபிசுப்பைக் கரைப்பதால் மற்றப் பொருட்கள் பரவ அது வழிவிடும். 1928-இலேயே இதன் விளைவைக் கண்டவர்கள் 'பரவு காரணி' என்று பெயரிட்டார்கள். தொற்றுள்ள இடத்தில் நுண்ணுயிர்க்கொல்லி தொடங்காமல் இதைப் போட்டால் கிருமியும் பரவக்கூடும்.

3. தேனீ, குளவி விஷத்தில் இதே வகை நொதி இருக்கிறது. கொட்டினால் கடும் ஒவ்வாமை வருபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

4. ஹையலூரானிக் அமிலத்தைத் தவிர வேறெதையும் அது கரைக்காது. திரவச் சிலிக்கோன், அக்ரிலிக் நுண்மணிகள், பாலிஅக்ரிலமைடு கூழ் ஆகியவை ஆண்டுகள் கழித்து முடிச்சு கட்டினால் பல சமயம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பாலிஅக்ரிலமைடு கூழைச் சீனா 2006-இல் தடை செய்தது.

தாமத வீக்கத்துக்கு வழக்கமான நடைமுறை இது: முதலில் தொற்று இருக்கிறதா என்று பார்ப்பது, ஐயம் இருந்தால் நுண்ணுயிர்க்கொல்லி, அழற்சி அடங்காவிட்டால் சில நாள் ஸ்டீராய்டு மாத்திரை அல்லது முடிச்சுக்குள் ஸ்டீராய்டு ஊசி, தேவைப்பட்டால் கரைப்பது. லேசான, ஒருமுறை மட்டும் வந்த வீக்கம் சிகிச்சையின்றியே வடிவதும் உண்டு. வீங்கிய உதட்டை அழுத்திப் பிசைவது, வீக்கம் இருக்கும்போதே 'சமன் செய்ய' இன்னொரு ஊசி போட்டுக்கொள்வது, மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு வாங்கி விழுங்குவது ஆகிய மூன்றும் கூடாதவை.

என்ன போட்டார்கள் என்பதே தெரியாவிட்டால்

சிகிச்சை முழுவதும் ஒரு தகவலில் தொங்குகிறது: உள்ளே இருக்கும் பொருள் எது? அது தெரியாமல் வருபவர்கள் ஏராளம்.

இங்கிலாந்தில் 2013-இல் அரசு கேட்டுக்கொண்டபடி மருத்துவர் புரூஸ் கியோ தலைமையிலான குழு அழகுச் சிகிச்சைகளை ஆராய்ந்தது. அறுவையில்லாத அழகுச் சிகிச்சை செய்துகொள்பவருக்கு, பேனாவோ பல் துலக்கியோ வாங்குபவருக்கு இருப்பதைவிட அதிகமான பாதுகாப்பு எதுவும் இல்லை என்று அது எழுதியது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபர் முதல், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அழகுக்காக ஃபில்லர் போடுவது அங்கே குற்றமாக்கப்பட்டது. அதே மாதம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ஊசியில்லாமல் காற்றழுத்தத்தால் ஃபில்லரைச் செலுத்தும் 'ஹையலூரான் பேனா'க்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. இணையத்தில் வாங்கி வீட்டிலேயே உதட்டில் வைத்து அழுத்தக்கூடிய கருவி அது. அப்படிச் செலுத்திய கூழின் பெயர், ஆழம், அளவு எதையும் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஏற்கெனவே ஃபில்லர் போட்டிருப்பவர்கள் கையில் வைத்திருக்க வேண்டியவை:

1. பொருளின் பெயர், தொகுதி எண், போட்ட தேதி, எத்தனை மில்லிலிட்டர், எந்த இடத்தில்.

2. வீக்கம் வந்த நாட்களின் குறிப்பும், தேதி தெரியும் புகைப்படமும். வந்துபோகும் வீக்கம் மருத்துவரைப் பார்க்கும் நாளில் பெரும்பாலும் வடிந்திருக்கும்.

3. அதற்கு முந்தைய வாரங்களில் வந்த காய்ச்சல், பல் சிகிச்சை, தடுப்பூசி, புதிய மாத்திரை, புதிய அழகுப் பொருள்.

4. பல் மருத்துவரிடமும் மற்ற மருத்துவர்களிடமும் ஃபில்லர் போட்டதைச் சொல்லும் பழக்கம். கூச்சத்தால் இதை மறைப்பவர்கள் தேவையற்ற சோதனைகளுக்கு ஆளாகிறார்கள்.

முதல் விவரத்தைப் பெறுவது கடினமல்ல. முறையான ஃபில்லர் பெட்டிக்குள் தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் வருகின்றன. ஒன்றை மருத்துவக் குறிப்பேட்டில் ஒட்டுவார்கள். போட்டுக்கொண்டவர் கேட்டால் அந்தச் சீட்டையோ அதன் விவரங்களையோ தரலாம். பெட்டியைக் காட்ட மறுக்கும் இடத்தில், ஊசி உதட்டைத் தொடும் முன்பே எழுந்து வந்துவிட வேண்டும்.